சுடாதீங்க, செத்ததைத் தேடுங்க: காட்டுப்பன்றிக் காய்ச்சலை செக் குடியரசும் பெல்ஜியமும் விரட்டியது எப்படி?

காட்டுப்பன்றிகளுக்கு ஒரு தொற்றுநோய் வந்துவிட்டது. பக்கத்திலேயே பன்றிப் பண்ணைகள். என்ன செய்யலாம்? துப்பாக்கியோடு காட்டுக்குள் போய், கண்ணில் படுவதையெல்லாம் சுட்டுத் தள்ளினால் வேலை முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலை தன் காட்டிலிருந்து விரட்டிக் காட்டிய செக் குடியரசு, 2017-ல் முதல் வேலையாகச் செய்தது வேறு: நோய் கண்ட இடத்தில் வேட்டைக்குத் தடை போட்டது.

ஏன் என்று பார்ப்பதற்கு முன், ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம்.

2009-ல் நாம பயந்தோமே, அந்தப் பன்றிக் காய்ச்சலா இது?

இல்லை. அது எச்1என்1 ஃப்ளூ, மனிதர்களுக்கு வருவது. இது முற்றிலும் வேறு வைரஸ். மனிதர்களுக்குத் தொற்றாது. பன்றிகளுக்கு மட்டும்தான் வரும். ஆனால் வந்தால் கிட்டத்தட்ட மரணம்தான். வீரியமான வகை தாக்கினால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் செத்துவிடும், அதுவும் ஒரு வாரம், பத்து நாளில்.

கென்யாவில் பண்ணைப் பன்றிகள் கொத்துக் கொத்தாகச் செத்ததை வைத்து 1921-ல் மான்ட்கோமரி என்ற ஆய்வாளர் இந்த நோயை முதலில் விவரித்தார். வேடிக்கை என்னவென்றால், அங்கேயே புல்வெளியில் திரியும் வார்ட்ஹாக் என்ற ஆப்பிரிக்கக் காட்டுப்பன்றியை இந்த வைரஸ் ஒன்றும் செய்வதில்லை. அதன் வளைக்குள் வாழும் ஒருவகை உண்ணி, வைரஸைத் தலைமுறை தலைமுறையாகக் கடத்திக்கொண்டே இருக்கிறது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ள பன்றிகளுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதனால்தான் இவ்வளவு சாவு.

கடலைத் தாண்டியது எப்படி?

சாப்பாட்டு மிச்சத்தில். 1957-ல் லிஸ்பன் விமான நிலையத்துக்கு அருகே, விமானத்தில் மிஞ்சிய உணவைப் பன்றிகளுக்குப் போட்டதில் ஐரோப்பாவுக்குள் வந்தது. அதை ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஒழிக்கவே 1990-கள் ஆகிவிட்டன. 2007-ல் மறுபடியும் வந்தது, இந்தத் தடவை ஜார்ஜியா நாட்டின் போட்டி துறைமுகம் வழியாக. கப்பல் குப்பையில் இருந்த இறைச்சிதான் காரணம் என்று கருதப்படுகிறது. அங்கிருந்து ரஷ்யா, 2014-ல் போலந்தும் பால்டிக் நாடுகளும், 2018-ல் சீனா, 2020-ல் அசாம், அருணாசலப் பிரதேசம். உறைந்த இறைச்சியிலும், சமைக்காமல் பதப்படுத்திய இறைச்சியிலும் இந்த வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தூரம் கடப்பதற்கு அதற்கு மனிதர்கள் போதும்.

காட்டில் ஏன் தானாக அடங்கவில்லை?

விஞ்ஞானிகளைத் திணறடித்த கேள்வி இதுதான். நோய் வந்த பன்றி சில நாளில் செத்துவிடுகிறது. அப்படியானால் பரப்ப ஆளில்லாமல் நோயும் அடங்கியிருக்க வேண்டும். அல்லது, காட்டுத்தீ மாதிரி ஒரே மூச்சில் பரவியிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. ஒரே காட்டில் ஆண்டுக்கணக்கில் தங்கி, ஆண்டுக்குச் சில கிலோமீட்டர் என்று நகர்ந்தது.

விடை, செத்துக் கிடக்கும் பன்றியில் இருந்தது. பால்டிக் குளிரில் ஒரு சடலத்தில் வைரஸ் மாதக்கணக்கில் தாங்கும். சரி, உயிரோடு இருக்கும் பன்றி அதன் அருகே போகுமா? ஜெர்மனியின் ஃப்ரீட்ரிஷ் லோஃப்லர் ஆய்வு நிறுவனத்தினர் இதைப் பார்க்க 2015 அக்டோபரிலிருந்து ஓராண்டு காட்டில் கேமராக்களை வைத்தார்கள். 9 இடங்களில் 32 காட்டுப்பன்றிச் சடலங்கள். சிக்கியவை 1,22,160 படங்கள். பன்றிகள் பெரும்பாலும் ராத்திரியில் வந்தன, சராசரியாக நான்கு நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. செத்ததைத் தின்றதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் மூன்றில் ஒரு தடவை முகர்ந்தன, மூக்கால் இடித்தன. அதைவிட, சடலத்துக்கு அடியில் இருக்கும் மண்ணைக் கிளறுவதில்தான் அவற்றுக்கு அதிக ஆர்வம். எலும்பு மட்டும் மிஞ்சிய பிறகு குட்டிகள் விலாவைக் கடித்ததும் பலமுறை பதிவானது.

நேரடியாகத் தொட்டது, போட்டு 15 நாளாவது ஆன பிறகே. எனக்கு இந்த ஆய்வில் முக்கியமாகப் படுவது இந்தக் கணக்குதான். அதற்குள் சடலத்தைக் கண்டுபிடித்து அகற்றினால் சங்கிலி அறுபட வாய்ப்பு இருக்கிறது.

அப்போ சுடவே கூடாதா?

எப்போது சுடுவது என்பதுதான் விஷயம். ஆட்களும் நாய்களுமாகக் கூட்டமாக விரட்டினால் பன்றிகள் சிதறி ஓடும், வைரஸும் கூடவே ஓடும். சிந்துகிற ரத்தத்திலும் அது நிறையவே இருக்கும். அதனால் செக் குடியரசின் ஸ்லின் பகுதியில் முதலில் வேலி போட்டார்கள், நாற்ற விரட்டிகள் வைத்தார்கள், பன்றிகள் உள்ளேயே தங்கட்டும் என்று வயலில் பயிரை அறுக்காமல் விட்டார்கள். சடலங்களைத் தேடி எடுத்தார்கள். பிறகுதான் குறிபார்த்துச் சுடும் போலீஸார் இறங்கினார்கள். 2019-ல் நாடு நோயற்றதாக அறிவிக்கப்பட்டது. 2018 செப்டம்பரில் பெல்ஜியத்திலும் இதே வரிசைதான்: வேட்டைத் தடை, சுமார் 300 கிலோமீட்டர் வேலி, சடலத் தேடல், கடைசியில் துப்பாக்கி. 833 காட்டுப்பன்றிகளில் வைரஸ் உறுதியானது. பண்ணைப் பன்றி ஒன்றுக்குக்கூட வரவில்லை. 2020 இறுதியில் பெல்ஜியமும் மீண்டது.

ஒருமுறை விரட்டினால் எப்போதைக்கும் போய்விட்டது என்று சொல்ல முடியாது. செக் குடியரசுக்கு 2022 டிசம்பரில் திரும்ப வந்தது.

தடுப்பூசி?

பண்ணைப் பன்றிகளுக்கு வியட்நாம் 2022-ல் ஒன்றை அனுமதித்தது. காட்டுப்பன்றிக்கு யார் ஊசி போடுவது? அதனால் தின்னக் கொடுக்கும் மருந்தை ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2019-ல் சோதித்தார்கள். லாட்வியாவில் ஒரு காட்டுப்பன்றியிடம் கிடைத்த வீரியம் குறைந்த வைரஸ் அது. 12 பன்றிகளில் 11 தப்பின. இவை இரண்டுமே உயிருள்ள வைரஸ்கள். காட்டில் விட்ட பிறகு வீரியம் திரும்பினால் என்ன செய்வது என்ற தயக்கம் தீரவில்லை.

நமக்கு எவ்வளவு பக்கம்?

2022 ஜூலையில் வயநாட்டுப் பண்ணைகள். 2023 ஜனவரியில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் அடுத்தடுத்துச் செத்துக் கிடந்தன. சோதனையில் இதே வைரஸ் என்று தெரிந்தது. இந்தியாவில் ஒரு பண்ணையில் நோய் உறுதியானால், ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள வளர்ப்புப் பன்றிகள் அனைத்தும் கொல்லப்படும். நாலைந்து பன்றி வளர்ப்பவருக்கு அதுதான் மொத்தச் சேமிப்பு. அசாமில் இன்னொரு கவலை: முழங்கால் உயரம்கூட இல்லாத குள்ளப் பன்றி, உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம்.

ஜெர்மனியின் 15 நாள் கணக்கு முதுமலைக்கு அப்படியே பொருந்தாது. இங்கே வெயில் வேறு, பிணந்தின்னிக் கழுகும் கழுதைப்புலியும் வேறு. ஆனால் வேலை ஒன்றுதான். மலைப் பக்கம் போகும்போது செத்த பன்றியைப் பார்த்தால் தொடாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். சாப்பிட்டு மிஞ்சிய பன்றி இறைச்சியைக் காட்டில் வீசாதீர்கள்.