மடைக்கதவு யாருடைய பொறுப்பு?

இலங்கையின் வடக்கே தொண்டைமானாற்றில் கடல்நீர் உள்ளே ஏறிவிடாமல் மறிக்கும் மடைக்கதவுகள் இருக்கின்றன. அவை பழுதடைந்தால் முறைப்பாட்டை எங்கே கொண்டுபோவது? கரையில் குப்பை குவிந்தால் வல்வெட்டித்துறை நகரசபை. வீதி ஏ, பி வகுப்பென்றால் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபை. சி, டி என்றால் மாகாணத் திணைக்களம். நீர்ப்பாசனம், ஆறு ஒரே மாகாணத்துக்குள் அடங்குமென்றால், அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணைப்படி மாகாணத்தின் வேலை. நகரசபைக்கு வாக்குக் கேட்டு வந்தவரைத் தெரியும். பாராளுமன்றத்துக்குப் போனவரையும் தெரியும். நடுவில் இருக்கும் மாகாணத்தில்தான் வாக்காளர் மறித்துக் கேட்க ஒருவரும் இல்லை.

1987இல் வந்த 13ஆம் திருத்தமும் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டமும் இந்த நடு அடுக்கை உண்டாக்கின. மக்கள் தெரிவுசெய்யும் சபை. அதிலிருந்து முதலமைச்சரும் அதிகபட்சம் நான்கு அமைச்சர்களும். மேலே ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர். நியதிச்சட்டம் ஆக்குவது சபை, சம்மதம் கொடுப்பது ஆளுநர். மாகாண மேல் நீதிமன்றம் என்று பெயர் இருந்தாலும் நீதித்துறை மாகாணத்தின் கையில் இல்லை. வடக்கு மாகாண சபைக்கு 2013 செப்டெம்பர் 21இல் 38 உறுப்பினர்கள் தெரிவானார்கள். 2018 ஒக்ரோபர் 24உடன் பதவிக்காலம் முடிந்தது. இதற்கிடையே 2017இல் மாகாணத் தேர்தல் முறையைப் பாராளுமன்றம் மாற்றியது. அதற்கு வேண்டிய எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றமே நிராகரித்தது. பழைய முறை போனது, புதியது வரவில்லை. 2025 மே 6இல் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோதும் மாகாணத்துக்கு வாக்குச்சீட்டு அச்சாகவில்லை. ஆனால் பள்ளிக்கூடங்களும் ஆதார வைத்தியசாலைகளும் இயங்குகின்றன, பணம் செலவாகிறது. எல்லாம் ஆளுநரும் செயலாளர்களும் இடும் கையெழுத்தில்.

‘சபை இருந்த ஐந்து வருஷமும் என்னத்தைக் கண்டோம்?’ என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. தீர்மானங்கள் குவிந்த அளவுக்கு நியதிச்சட்டங்கள் வரவில்லை. ஆளுநருடனான இழுபறியிலும் காலம் கரைந்தது. ஆனால் அமைச்சர்கள்மீது புகார் எழுந்தபோது விசாரணைக் குழு அமைந்தது, 2017இல் இருவர் பதவி விலகினர், முதலமைச்சர் சி.வி. விக்னேஸ்வரனுக்கு எதிராகவே நம்பிக்கையில்லாப் பிரேரணை கொடுக்கப்பட்டது. அழகான காட்சியல்ல, என்றாலும் பத்திரிகை படித்தவர் எல்லோரும் அறிந்த சண்டை அது. செயலாளர் ஒருவர் இடமாற்றம் பெற்றுப் போகும்போது அப்படிச் சத்தம் கேட்பதில்லை. ‘பாராளுமன்ற உறுப்பினர் போதாதா?’ என்பது அடுத்த கேள்வி. அவர் கொழும்பில் கேள்வி எழுப்பலாம். மாகாண வரவுசெலவை வரிவரியாகப் பார்த்து வாக்களிக்க அவருக்கு ஆசனம் இல்லை.

சபை இல்லாத காலத்திலும் சட்டம் சில வழிகளைத் திறந்தே வைத்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் மாகாணத் திணைக்களங்களையும் கட்டுப்படுத்தும். ‘மடை ஏன் திருத்தப்படவில்லை’ என்று எழுதினால் சமாதானம்தான் வரும். ‘இந்த மடைக்கு இந்த ஆண்டில் ஒதுக்கிய தொகை, செலவான தொகை, வேலையைப் பொறுப்பேற்றவர், கடைசிப் பரிசோதனை அறிக்கையின் பிரதி’ என்று எழுதினால் கோப்பைத் திறந்தே ஆகவேண்டும். 14 வேலைநாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்ற முடிவு வரவேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. மாகாண விடயத்தில் அதிகாரி சட்டத்தை மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை கேட்கலாம். அடிப்படை உரிமை மீறல் என்றால் உயர் நீதிமன்றம். அதற்கு ஒரு மாதம்தான் தவணை. உள்ளூராட்சித் தேர்தலை 2023இல் நடத்தாமல் விட்டது உரிமை மீறல் என்று அந்த நீதிமன்றமே 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்திருக்கிறது. எந்தக் கந்தோரில் கடிதம் கொடுத்தாலும் பெற்றுக்கொண்டதாகத் திகதியிட்ட துண்டை வாங்காமல் படியிறங்க வேண்டாம். பதில் வரவேண்டிய நாட்கள் அந்தத் திகதியிலிருந்தே எண்ணப்படும்.