மாயாவி மீண்டு வந்தார்!

சென்ற மாதம் திருவிடைமருதூரில் நண்பர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் பேசிக் கொண்டிருந்தேன். சிவகாசியிலிருந்து பார்சல் ஒன்று வந்தது. பத்து வயதுப் பையன் ஆவலோடு கையை நீட்டினான். தகப்பனாரோ, "கசக்கி விடுவாய்!" என்று அதை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். உள்ளே இருந்தது வேறொன்றுமில்லை. சித்திரக் கதைப் புத்தகந்தான்!

நண்பரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருடைய பால்யமே அல்லவா அந்தப் பார்சலில் வந்திருக்கிறது? 1972-இல் சிவகாசியில் ஸ்ரீ சௌந்தரபாண்டியன் 'முத்து காமிக்ஸ்' பத்திரிகையைத் தொடங்கியபோது, முதலில் வந்தவர் இரும்புக்கை மாயாவி. 1962-இல் இங்கிலாந்துப் பத்திரிகையில் பிறந்தவர். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும். இரும்புக் கை மட்டும் தெரியும். அந்தக் கையைக் கண்டு தமிழ்நாட்டுப் பிள்ளைகள் சொக்கிப் போனார்கள். 1984-இல் அவருடைய குமாரர் விஜயன் 'லயன் காமிக்ஸ்' தொடங்கினார்.

பிறகு தொலைக்காட்சி வந்தது, இதழ்கள் தேய்ந்தன. 2012-இல் விஜயன் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். நல்ல காகிதம், வர்ணப் படங்கள், விலை நூறு ரூபாய் என்று மறுபிரவேசம் செய்தார். சந்தாதாரர்களை நம்பி, அவர்களுக்கு வேண்டியதை அறிந்து வெளியிட்டார். வியாபாரம் நிலைத்தது.

இதே முயற்சி 'அம்புலிமாமா'வுக்குப் பலிக்கவில்லை. 1947 ஜூலையில் நாகி ரெட்டியாரும் சக்கரபாணியும் சென்னையில் ஆரம்பித்த பத்திரிகை அது. 1998-இல் நின்று மறு வருஷமே மீண்டது. 2007-இல் மும்பையைச் சேர்ந்த ஜியோடெசிக் என்ற கம்பெனி வாங்கியது. மூலதனம் வந்தது, ஆனால் சில ஆண்டுகளில் அந்தக் கம்பெனியே நொடித்தது. விக்கிரமனும் வேதாளமும் கூடவே மௌனமாயினர். பெரிய பணத்தை நம்பிய பத்திரிகை நின்றது; சிறிய வாசகர் கூட்டத்தை நம்பியது பிழைத்தது. வியாபாரிகள் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

எனினும் எனக்கு ஒரு கவலை உண்டு. அன்று சில்லறைக் காசைச் சேர்த்துப் பையன்களே புத்தகம் வாங்கினார்கள். இன்று வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நரை கண்ட பழைய பையன்கள்! அவர்களுடைய ஞாபகம் எத்தனை காலத்துக்குப் பத்திரிகையைத் தாங்கும்?

பரீட்சை பார்க்க எண்ணி, என்னிடமிருந்த மாயாவி கதை ஒன்றை வகுப்பில் கொடுத்தேன். "கரண்டைத் தொட்டால் ஆள் செத்தல்லவா போவான், ஸார்?" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். ஆயினும் புத்தகம் கை மாறிக் கொண்டே இருந்தது. பாடப் புத்தகத்தில் ஒரு பாராவுக்கே திணறும் பையன் ஒருவன், படத்தைப் பார்த்துப் பார்த்து முழுக் கதையையும் எழுத்துக் கூட்டி முடித்தான். அட்டை கிழிந்துதான் திரும்பி வந்தது. எனக்கு வருத்தமில்லை.

ஆகையால் தகப்பனார்களுக்கு ஒரு விண்ணப்பம்: பீரோச் சாவியைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். புத்தகம் கசங்கட்டும், தமிழ் வாசிப்பு பிழைக்கும்.