மருந்தை வென்ற கிருமி

மருத்துவத்தைப் பற்றி எழுத ஒரு ரயில்வே குமாஸ்தாவுக்கு என்ன தகுதி என்று அன்பர்கள் கேட்கலாம். கொள்ளேகாலிலிருந்து நாள்தோறும் பஸ் ஏறி மைசூருக்கு வேலைக்குச் செல்லும் நமக்குப் பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை. ஆயினும் நம் குடும்பத்தில் நேர்ந்த துயரம் பிற குடும்பங்களுக்கு நேரலாகாது என்றே எழுதத் துணிந்தோம்.

2021-ஆம் ஆண்டு மே மாதம். கொரோனாவின் இரண்டாம் அலை நம் ஊரையும் சூழ்ந்திருந்தது. யாரோ ஒருவருக்கு வைத்தியர் எழுதிக் கொடுத்த சீட்டின் படம் கைப்பேசி வழியே வீடுதோறும் பரவிற்று. அதைக் காட்டி அசித்ரோமைசின் மாத்திரையை வாங்கி விழுங்காதவர் எங்கள் தெருவில் அரியர். நாமும் விழுங்கினோம், நம் தமக்கையாரின் கணவரும் விழுங்கினார்.

கொரோனாவை உண்டாக்குவது வைரஸ். அசித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியா என்னும் வேறு இனக் கிருமிகளை அழிப்பவை. வைரஸை அழிக்கும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளுக்கு அசித்ரோமைசினால் பயனில்லை என்று இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆராய்ச்சி 2021-இலேயே காட்டிவிட்டது. அச்சத்தின் முன் ஆராய்ச்சி எம்மாத்திரம்!

தமக்கையாரின் கணவருக்கு மூச்சு முட்டவே, மருத்துவமனையில் சேர்த்துச் சுவாசக் கருவி பொருத்தினர். பத்தாம் நாள், நுரையீரல் சற்றுத் தெளிந்து வருவதாகச் சொன்னார்கள். பன்னிரண்டாம் நாள், இரத்தத்தில் ‘கிளெப்சியெல்லா’ என்னும் பாக்டீரியா புகுந்துவிட்டது என்றார்கள். சோதனை அறிக்கையில் மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் எதிரே, ‘இதற்குக் கிருமி அடங்காது’ என்று பொருள்படும் ‘ஆர்’ என்ற ஒரே எழுத்து. நான்கு நாட்களில் எல்லாம் முடிந்தது.

அவர் விழுங்கிய மாத்திரைகளே அவரைக் கொன்றன என்று நாம் கூறவில்லை. இத்தகைய கிருமிகள் குழாய்கள் வழியாகவும், கழுவாத கைகள் வழியாகவும் ஒருவரிடமிருந்து மற்றொருவரை அடைகின்றன. ஆனால் அவற்றுக்கு அந்த வலிமை எங்கிருந்து வந்தது? மருந்து பட்டவுடன் எளிய கிருமிகள் மடிகின்றன. தாங்கவல்ல சில பிழைத்துப் பெருகுகின்றன. அத்திறனைப் பிற கிருமிகளுக்கும் வழங்குகின்றன. வேண்டாத இடத்தில் விழுங்கும் ஒவ்வொரு மாத்திரையும் அவற்றுக்கு நாம் அளிக்கும் பயிற்சியே.

இது ஒரு வீட்டுக் கதையன்று. 2020 ஜூன் முதல் ஆகஸ்டு வரை 10 மருத்துவமனைகளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 17,534 கொரோனா நோயாளிகளை ஆராய்ந்தது. அவர்களுள் இவ்வாறு இரண்டாம் தொற்றுக்கு ஆளானோர் நூற்றுக்கு நால்வருக்கும் குறைவே. ஆனால் அப்படி ஆளானோரில் பாதிக்கு மேற்பட்டோர் மாண்டனர். உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட கணக்கோ இன்னும் வருத்தந் தருவது: மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளில் பாக்டீரியாத் தொற்று இருந்தோர் நூற்றுக்கு 8 பேர், ஆன்டிபயாடிக் பெற்றோர் சுமார் 75 பேர்!

எச்சரிப்பார் இல்லாமற் போகவில்லை. பென்சிலினைக் கண்டறிந்த பிளெமிங், 1945-இல் தம் நோபல் பரிசு உரையிலேயே இந்த அபாயத்தைச் சுட்டினார். 2012-இல் சென்னையில் கூடிய மருத்துவ சங்கத்தார், ‘சென்னைப் பிரகடனம்’ வாயிலாக, சீட்டின்றி இம்மருந்துகளை விற்பதைக் கட்டுப்படுத்தக் கோரினர்.

அன்பர்களே, நம்மால் இயன்றது யாது? இம்மருந்துகளின் அட்டையில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும். வைத்தியர் சொல்லாமல் உண்ணாதே என்பது அதன் பொருள். சிவப்பு விளக்கைக் கண்டால் ரயில் நிற்கிறது. அக்கோட்டைக் கண்டால் நம் கையும் நிற்க வேண்டும். ஒருவர் சீட்டில் மற்றொருவர் மருந்து வாங்கலாகாது. வைத்தியர் குறித்த அளவை நாமாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. மருத்துவமனையில் உறவினரைக் காணச் செல்வோர், நோயாளியைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் கைகளைக் கழுவ வேண்டும்.

தமக்கையார் வீட்டு அலமாரியில், அன்று மிஞ்சிய மாத்திரைகள் நெடுநாள் இருந்தன. சென்ற மாதம் பேரனுக்குச் சளி கண்டபோது, பக்கத்து வீட்டார் அவற்றைக் கொடுக்கச் சொன்னார்களாம். தமக்கையார் கொடுக்கவில்லை, குழந்தையை வைத்தியரிடம் அழைத்துச் சென்றார். அந்த உறுதி நம் இல்லந்தோறும் விளங்கட்டும்.