பழைய துப்பாக்கியும் புதிய குழலும்

திருவண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு துப்பாக்கியைப் பற்றி எழுதலாமா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். தாராளமாக எழுதலாம். அக்கினி ஸ்தலமாகிய இந்த ஊர், வெடிமருந்தின் நெருப்பையும் வேண்டிய அளவு கண்டிருக்கிறது. 1767-ம் ஆண்டில் கர்னல் ஸ்மித்தின் கம்பெனிப் படை, ஹைதர் அலியும் நிஜாமும் சேர்ந்து கொண்டுவந்த படையோடு மோதியது இந்த ஊருக்குப் பக்கத்தில்தான். ஆனால் நாம் இப்போது பேசப்போவது யுத்தத் துப்பாக்கியைப் பற்றி அன்று. வேட்டைத் துப்பாக்கியைப் பற்றி.

தேரடித் தெருவில் ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாட்டனார் காலத்தில் ஜவ்வாது மலைக்கும் செங்கம் காட்டுக்கும் போய் வேட்டையாடிய குடும்பம். பாட்டனாரும் போனார், ஜமீன்களும் போயின. லண்டனில் செய்த ஒரு 'மாக்னம்' ரைபிள் மட்டும் பேரனுக்கு வந்து சேர்ந்தது. அதன் குழலை விளக்குக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தால், கண்ணாடி போல் பளபளக்க வேண்டிய இடமெல்லாம் அம்மை வடுவாகக் குழி விழுந்திருக்கிறது. "கவலைப்படாதீர்கள், ஸார்! கட்டை நன்றாக இருக்கிறது, விசை நன்றாக இருக்கிறது. புதுக் குழல் ஒன்று போட்டுவிட்டால் போதும்" என்கிறார் துப்பாக்கி ரிப்பேர் தெரிந்தவர். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "எந்தப் போர் குழல் போடுவது?" என்று கேட்கிறார்.

இந்தக் கேள்விக்குள் இயந்திர சாஸ்திரம் கொஞ்சமும், நம்முடைய தேச சரித்திரம் நிறையவும் அடங்கியிருக்கின்றன.

போரும் மாக்னமும்

இங்கிலீஷில் 'போர்' என்றால் குழலின் உள்விட்டம். ரைபிளில் இதை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காகக் கணக்கிடுவது வழக்கம். 450 போர் என்றால் அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. 375 போர் என்றால் முக்கால் அரை அங்குலம். தமிழிலோ போர் என்றால் யுத்தம். இந்த இரண்டு அர்த்தங்களும் ஒரு சமயம் நம் தேசத்தில் ஒன்றாகிப் போன கதையைப் பின்னால் சொல்கிறேன்.

'மாக்னம்' என்பது லத்தீன் வார்த்தை. 'பெரியது' என்று பொருள். சீமையில் இரட்டை அளவு ஒயின் கொள்ளும் சீசாவுக்கு அந்தப் பெயர். 1937-ல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு ஆரம்பித்த ராஜ்யத்தில் அந்தச் சீசாவைப் பற்றி விஸ்தாரமாகப் பேசுவது மரியாதையன்று. துப்பாக்கியில், அதே விட்டமுள்ள குண்டுக்குப் பின்னால் வழக்கத்தைவிட அதிக மருந்து வைத்த பெரிய தோட்டாவுக்கு மாக்னம் என்று பெயர் வந்தது.

இந்த வம்சத்தின் மூதாதை என்று சொல்லத்தக்கது, லண்டனில் ஹாலந்து அண்டு ஹாலந்து கம்பெனியார் 1912-ல் வெளியிட்ட 375 மாக்னம். 300 கிரெயின் எடையுள்ள குண்டை வினாடிக்குச் சுமார் 2,500 அடி வேகத்தில் அனுப்பியது அது. அதன் பித்தளைக் கூட்டின் அடியில் இடுப்புக்கு ஒட்டியாணம் பூட்டியது போல் ஒரு பட்டை இருக்கும். தோட்டா அறைக்குள் கூடு எவ்வளவு தூரம் போய் நிற்க வேண்டும் என்பதை அந்தப் பட்டை தீர்மானிக்கும்.

குழல் ஏன் கெடுகிறது?

மாக்னம் தோட்டாவில் மருந்து அதிகம். அதன் கொதிக்கும் ஆவி முழுவதும் சிறிய துளை வழியே பீறிட்டுப் போகவேண்டும். ஆகையால் தோட்டா அறையை அடுத்த பாகம், அதாவது குழலின் தொண்டை, முதலில் அரித்துப்போகும். அதிகமாகச் சுட்டால் சீக்கிரமே குறி தவற ஆரம்பிக்கும்.

நம் நாட்டில் பாதிக் குழல்கள் சுட்டுக் கெட்டவையல்ல. சுட்ட பிறகு கழுவாமல் கெட்டவை. பழைய தோட்டாக்களின் கேப்பில் இருந்த ரஸாயனப் பொருள் வெடித்த பின், குழலுக்குள் ஒருவித உப்பாகப் படியும். ஐப்பசி மாதத்தில் உப்பு ஜாடியைத் திறந்து பார்க்கிற பெண்மணிகளுக்கு அதன் குணம் தெரியும். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு எஃகைத் துருப்பிடிக்கச் செய்துவிடும். எண்ணெய் பூசினால் அந்த உப்பு கரையாது. ஆகையால் விஷயம் தெரிந்த வேட்டைக்காரர்கள் முகாமுக்குத் திரும்பியதும் புனல் வைத்துக் குழலுக்குள் கொதிக்கும் தண்ணீரை ஊற்றுவார்கள். பிறகுதான் தமக்குக் காபி. பாட்டனார் தமக்கு முதலில் காபி சாப்பிட்டிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

புதுக் குழலுக்கு உள்ள கட்டுப்பாடுகள்

புதுக் குழல் போடும்போது இஷ்டப்பட்ட போரைத் தேர்ந்தெடுத்துவிட முடியாது. பழைய யந்திரம் இடம் கொடுக்க வேண்டும்.

முதலாவது, தோட்டாவின் அடிப்பாகம். அதைப் பற்றி இழுக்கும் போல்ட்டின் முகம் ஓர் அளவுக்கு வெட்டப்பட்டிருக்கிறது. 375 மாக்னத்தின் அடிவிட்டம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 532 பங்கு. நல்லவேளையாக, அதன் சந்ததிகள் பலவற்றுக்கும் இதே அடிவிட்டம்: 1925-ல் வந்த ஹாலந்து 300 மாக்னம், அமெரிக்காவில் 1956-ல் வந்த வின்செஸ்டர் 458, 1958-ல் வந்த 338, 1962-ல் வந்த ரெமிங்டன் 7 மில்லிமீட்டர், 1963-ல் வந்த வின்செஸ்டர் 300. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாகையால், குழலை மட்டும் மாற்றி ஒன்றின் இடத்தில் மற்றொன்றைக் கொண்டுவர வழியுண்டு.

இரண்டாவது, நீளம். 375 மாக்னம் தோட்டா மொத்தம் 3.6 அங்குல நீளம். வின்செஸ்டர் 300 அதைவிடக் கால் அங்குலம் குட்டை. நீளமான தோட்டாவுக்குச் செய்த பெட்டகத்தில் குட்டையான தோட்டா அடங்கிவிடும். குட்டைப் பெட்டகத்தில் நீளத் தோட்டா அடங்காது. அடங்கினாலும், மேலே எழும்பி அறைக்குள் நுழையும் வழியில் சிக்காமல் போகிறதா என்று பார்க்கவேண்டும்.

மூன்றாவது, குண்டின் எடையும் குழலுக்குள் மரை போல் வெட்டியிருக்கும் வரிகளின் சுழற்சியும். நீண்ட கனமான குண்டு நேராகப் பறப்பதற்கு வேகமாகச் சுழலவேண்டும். சுழற்சி போதாவிட்டால் குண்டு பல்டியடித்துக்கொண்டு போகும்.

நான்காவது, தோள். 300-க்குப் பதில் 458 போட்டால் துப்பாக்கி பின்னுக்கு உதைக்கும் உதையில் கட்டை பிளந்துவிடக்கூடும். கட்டை தப்பினாலும் தோள் தப்பாது.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமானது: அந்தத் தோட்டா கடையில் கிடைக்குமா? அடுப்பு எவ்வளவு அழகாயிருந்தாலும் விறகு கிடைக்காத ஊரில் அதனால் என்ன பிரயோஜனம்?

கென்னத் ஆண்டர்ஸன் என்ற பெங்களூர் வேட்டைக்காரர் (1910–1974), அக்காலத்துச் சேலம் ஜில்லாவைச் சேர்ந்த ஜவளகிரி முதலிய காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தொடர்ந்து போனவர். அவர் விரும்பி வைத்திருந்தது 405 வின்செஸ்டர். அருமையான ரைபிள்தான். ஆனால் ஒவ்வொரு தோட்டாவும் சமுத்திரம் தாண்டி வரவேண்டும். குமாவுன் மலையில் ஜிம் கார்பெட் சம்பாவத்துப் பெண்புலியைக் கொன்றதற்காக 1907-ல் அவருக்குப் பரிசாகக் கிடைத்த ரிக்பி ரைபிளோ 275 போர்தான். மாக்னங்களுக்கு முன்னால் அது குழந்தை. குண்டின் பருமனைவிட அது போய்ச் சேரும் இடமே முக்கியம் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

ஸர்க்கார் பயந்த போர்

இவையெல்லாம் இயந்திர சாஸ்திரம். இந்தியாவிலோ இவற்றுக்கு மேலாக இன்னொரு நிபந்தனை இருந்தது. அது ஸர்க்காரின் பயம்.

1878-ல் லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது ஆயுதச் சட்டம் பிறந்தது. இந்தியன் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருக்கக்கூடாது. வெள்ளைக்காரருக்கோ விலக்கு உண்டு. காட்டுப் பன்றி வந்து பயிரை அழித்தாலும் குடியானவன் கையில் தடியோடு நிற்கவேண்டியதுதான். தேசத்தார் இந்த அவமானத்தை வாய்மூடிப் பொறுத்துக்கொள்ளவில்லை. 1887-ல் பத்ருதீன் தயாப்ஜியின் தலைமையில் நம்முடைய சென்னையிலேயே கூடிய மூன்றாவது காங்கிரஸ், இச்சட்டத்தைத் திருத்தவேண்டுமென்று தீர்மானம் செய்தது. 1931-ல் கராச்சி காங்கிரஸ் வகுத்த பிரஜா உரிமைகளிலும் ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை, விதிகளுக்கு உட்பட்டு, இடம் பெற்றது. அஹிம்சையை விரதமாகக் கொண்ட மகாத்மாவே, ஒரு ஜாதியார் முழுவதையும் நிராயுதபாணிகளாக்கிய செயலைப் பிரிட்டிஷ் ஆட்சியின் பெரிய குற்றங்களில் ஒன்றாகக் கருதினார். துப்பாக்கியை வேண்டாமென்று கீழே வைக்கிறவன் வேறு. கையிலிருந்து பிடுங்கப்பட்டவன் வேறு அல்லவா?

சட்டம் இருந்தும் பயம் தீரவில்லை. 1871 முதல் பிரிட்டிஷ் பட்டாளத்தார் வைத்திருந்தது மார்ட்டினி–ஹென்றி ரைபிள். அதன் போர் 450. காலக்கிரமத்தில் அவற்றில் அநேகம் வடமேற்கு எல்லைப்புறத்து மலைஜாதியார் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. அதே சமயத்தில், 1898-ல் லண்டன் ரிக்பி கம்பெனியார் யானைக்கும் புலிக்குமாக 450 போரில் ஒரு புதிய ரைபிள் கொண்டுவந்தார்கள். 480 கிரெயின் குண்டு. வினாடிக்கு 2,150 அடி வேகம். துரைமார்கள் போட்டி போட்டுக்கொண்டு வாங்கினார்கள். அப்போதுதான் ஸர்க்காருக்கு யோசனை தட்டிற்று. வேட்டைத் தோட்டா அப்படியே பழைய பட்டாளத் துப்பாக்கியில் நுழையாது. ஆனால் குண்டைக் கழற்றி எடுத்துப் பழைய கூட்டில் வைத்து அடைத்துவிட்டால்? வேட்டைப் 'போர்', தமிழ்ப் போராக மாறிவிடுமே!

ஆகவே இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், இந்தியாவிலும் ஸூடானிலும் 450 போர் தடை செய்யப்பட்டது. லண்டன் கம்பெனிகள் அவசர அவசரமாக வேறு போர் தேடின. ஹாலந்தார் 465 செய்தார்கள். வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸார் 476 செய்தார்கள். 470, 475 என்று வரிசையாக வந்தன. 450-ன் குண்டு விட்டம் ஆயிரத்தில் 458 பங்கு. 470-ன் குண்டு 475 பங்கு. வித்தியாசம் ஏறக்குறைய இரண்டு தபால் கார்டுகளின் கனம்! எடையும் வேகமும் கிட்டத்தட்ட அவையேதான். புலிக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க நியாயமில்லை. ஸர்க்காருக்கு மட்டுமே தெரிந்தது. இன்றுவரை உலகமெங்கும் பெரிய வேட்டை ரைபிள்களில் புகழ் பெற்று விளங்கும் 470, இப்படி நம் தேசத்தைக் கண்டு ஏற்பட்ட அச்சத்தினால் பெருவாழ்வு பெற்றது.

சுதந்திரம் வந்த பிறகும் அந்தப் பயத்தின் தழும்பு மறையவில்லை. பட்டாளத்து 303 போர் சாதாரண ஜனங்களுக்குக் கூடாது என்பதற்காக, ஆஸ்திரிய தேசத்துப் பழைய மான்லிச்சர் தோட்டாவை ஏற்கும் 315 போர் ரைபிள் இந்தியாவுக்கென்று வந்தது. வங்காளத்திலுள்ள இச்சாபூர் ஸர்க்கார் தொழிற்சாலையில் செய்யும் வேட்டை ரைபிள் அந்த 315 போர்தான். பிற்காலத்தில் 30-06 என்பதும் சேர்ந்தது. 1906-ம் ஆண்டைப் பெயரிலேயே வைத்துக்கொண்டிருக்கும் அமெரிக்கத் தோட்டா அது.

பேரன் என்ன செய்வது?

இப்போது தேரடித் தெரு வீட்டுக்குத் திரும்புவோம். நம் நாட்டில் செய்யும் தோட்டாவாகப் பார்த்துப் போட்டுவிடலாம் என்று பேரன் நினைக்கிறார். 315-ன் அடியில் விளிம்பு இருக்கிறது; மாக்னத்தின் போல்ட்டும் பெட்டகமும் அதற்கு ஒத்துக்கொள்ளா. 30-06-ன் அடிவிட்டம் ஆயிரத்தில் 473 பங்கு; 532-க்கு வெட்டிய போல்ட் முகத்தில் அது லொடலொடவென்று ஆடும். குழலோடு போல்ட்டும் மாற்றவேண்டும். போல்ட்டும் குழலும் போனால் பாட்டனார் துப்பாக்கியில் மிஞ்சுவது கட்டைதான். பழைய 375-ஐயே திரும்பப் போட்டால் ரைபிளின் மானம் நிலைக்கும். தோட்டாவுக்குத்தான் திண்டாட வேண்டியிருக்கும்.

சட்டத்தையும் மறக்கக்கூடாது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் வெள்ளையன், கறுப்பன் என்று பார்ப்பதில்லை. பாட்டனார் லைசென்ஸ் பேரனுக்குச் செல்லாது. தம் பெயருக்கு லைசென்ஸ் கிடைக்கும்வரையில் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். குழலை மாற்றுகிற வேலையையும் அதற்கு லைசென்ஸ் உள்ளவரே செய்யலாம். போர் மாறினால் லைசென்ஸில் எழுதியிருப்பதும் மாறவேண்டும்; ஆகையால் முதலில் அதிகாரியின் அனுமதி, பிறகு வேலை.

இவ்வளவும் செய்து முடித்து எதைச் சுடுவது? 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991-ல் அதற்குச் செய்த திருத்தமும் வேட்டை என்ற பொழுதுபோக்குக்கே முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. நம் யோசனையைக் கேட்டால், குழலை மாற்றவேண்டாம் என்போம். முறைப்படி லைசென்ஸ் பெற்று, துருவைத் துடைத்து, எண்ணெய் பூசி, பாட்டனார் ஞாபகமாக வைத்துக்கொள்ளலாம், விருப்பமில்லையென்றால் ஒப்படைத்துவிடலாம். அந்தக் குழிவிழுந்த குழலில் ஒரு குடும்பத்தின் கதை மட்டுமல்ல, ஒரு சாம்ராஜ்யத்தின் பயமும் எழுதியிருக்கிறது. புதுக் குழலில் அது இராது.

அருணாசலத்தின் சரிவில், 1899 முதல் 1916 வரை விரூபாக்ஷ குகையிலும், பிறகு 1922 வரை ஸ்கந்தாசிரமத்திலும் ரமண மகரிஷி வசித்தார். அந்நாளில் மலையில் சிறுத்தைகள் நடமாடின. அவை அருகே வந்து போனதையும், அவர் சிறிதும் கலங்காமல் இருந்ததையும் ஆசிரமத்தார் எழுதிவைத்திருக்கிறார்கள். ஆயிரமாயிரம் மைலுக்கு அப்பால் லண்டனில், எந்தப் போர் குண்டு இந்தியாவுக்குள் போகலாம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்ததும் ஏறக்குறைய அதே ஆண்டுகளில்தான்.