படுக்கையறையில் பதிவான பாடல்கள்

இசைத்தட்டு ஒன்று உருவாக வேண்டுமாயின் பெரிய ஒலிப்பதிவுக் கூடமும், தேர்ந்த பொறியாளரும், பக்கவாத்தியக் குழுவும் வேண்டும் என்பதே பொதுவான எண்ணம். இவை அனைத்தும் இருந்தும், வீட்டில் பதிந்த ஒரு கேசட்டையே உலகிற்கு அளித்தார் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். 1982 செப்டம்பரில் வெளிவந்த ‘நெப்ராஸ்கா’ என்னும் அத்தொகுப்பு பிறந்த கதையை அவரே பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார்.

நியூஜெர்சி மாநிலத்துக் கோல்ட்ஸ் நெக் என்னும் ஊரில், வாடகை வீடொன்றின் படுக்கையறையில், 1982 ஜனவரித் தொடக்கத்தில் இப்பாடல்களுள் பெரும்பாலானவை பதிவாயின. அவர்முன் இருந்தது ‘போர்ட்டாஸ்டூடியோ’ என்னும் சிறு கருவி. சாதாரணக் கேசட்டிலேயே நான்கு தடங்களில் தனித்தனியே ஒலியைப் பதிக்க வல்லது அது. குரலும் கிட்டாரும் இரு தடங்களில் ஏறிவிட, எஞ்சிய இரண்டில் இன்னொரு குரலையோ வாத்தியத்தையோ சேர்க்கலாம், அதற்குமேல் இடமில்லை. நான்கையும் ஒன்றாகக் கலந்து, எதிரொலிக் கருவி வழியே செலுத்தி, பழைய டேப்ரெக்கார்டர் ஒன்றில் எடுத்துக்கொண்டார். குழுவினருக்குப் பாட்டைக் கற்பிக்க ஒரு மாதிரி வேண்டும் என்பதே நோக்கம். உறைகூட இல்லாமல் அந்தக் கேசட் சில வாரங்கள் அவருடைய பையிலேயே கிடந்ததாம்!

பின்னர் நியூயார்க்கில் குழுவினர் கூடி வாசித்தனர். ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’ முதலிய சில பாடல்கள் அவர்கள் கையில் பொலிவுற்று 1984ஆம் ஆண்டுத் தொகுப்பிற்குச் சென்றன. ஏனையவற்றிலோ தாளமும் முழக்கமும் வந்தன; பாட்டுக்குள் இருந்த மனிதர் மறைந்து போயினர். மெருகேற்ற முயன்றபோதெல்லாம் கெடுத்ததே மிச்சம் என்கிறார் அவர். முடிவில் கேசட்டே இசைத்தட்டாயிற்று. அவ்வாறு தட்டாக்குவதும் எளிதாயில்லை. பொறியாளர்கள் பெரும்பாடு பட்டனர். குழுவினர் வாசித்த பதிவுகள் 2025இல் வெளியாகியுள்ளமையால், விரும்புவோர் இரண்டையும் கேட்டு ஒப்பிடலாம்.

அப்பாடல்களில் வருவோர் யார்? கொலைக்குற்றவாளி ஒருவன், ஆலை மூடப்பட்டதால் வேலையிழந்தவன், குற்றம் புரிந்த உடன்பிறப்பைத் தப்பவிடும் காவலர். இத்தகையோர் மேடையில் நின்று முழங்குவதில்லை. நள்ளிரவில், கேட்பார் யாருமில்லாத வேளையில், தமக்குத்தாமே பேசிக்கொள்பவர்கள். அந்தக் குரல் படுக்கையறையில்தான் அகப்பட்டது என்பதில் வியப்பென்ன?

மேலும் ஒரு காரணத்தை அவரே தம் தன்வரலாற்றில் காட்டுகிறார். ஃப்ரீஹோல்டு நகரில் பாட்டனார் வீட்டில் கழிந்தது அவர் குழந்தைப் பருவம். குளிருக்கு ஒரே மண்ணெண்ணெய் அடுப்பு. ஐந்து வயதில் விபத்தில் மாண்ட அத்தையின் படம் அங்கே இருந்தது. அத்துயரம் வீட்டை விட்டு அகலவேயில்லை. பேசாத தந்தை வேறு. பங்குப் பள்ளியில் படித்து வளர்ந்த அவர், இப்பாடல்களை எழுதிய காலத்தில் ஃபிளானரி ஓ’கானரின் சிறுகதைகளில் ஆழ்ந்திருந்தார் என்பது நம் வாசகர்களுக்குச் சுவையான செய்தியாயிருக்கும். அந்த அம்மையார் ஆழ்ந்த கத்தோலிக்கப் பற்றுடைய எழுத்தாளர்.

தொகுப்பு வெளிவந்த காலத்தில் அவர் கடுமையான மனச்சோர்வுக்கு ஆளானார். நண்பரின் வற்புறுத்தலால் மனநல மருத்துவரை நாடினார். 1990இல் லாஸ் ஏஞ்சல்ஸ் மேடையில், ‘என் தந்தையின் வீடு’ என்ற பாடலுக்குமுன் அவர் ஒன்று சொன்னார். பழைய வீடுகளின் முன்னே இரவில் அடிக்கடி காரோட்டிச் செல்வது அவர் வழக்கமாம். ஏன் இவ்வாறு செய்கிறேன் என்று மருத்துவரைக் கேட்டாராம். அங்கே ஏதோ தவறு நேர்ந்தது, அதைச் சரிசெய்ய முடியுமா என்று பார்க்கவே திரும்பத் திரும்பப் போகிறீர்கள் என்றாராம் மருத்துவர். ஆனால் அது முடியாது என்றும் சொன்னாராம்.

பின்பு கிட்டாரை எடுத்து, தனியாகவே அப்பாட்டைப் பாடினார்.