ஒரு பல் கூட்டினால் பைக் பறக்குமா? ஸ்பிராக்கெட் மாற்றும் முன் போட வேண்டிய கணக்கு

சனிக்கிழமை விடியற்காலை 5 மணி. ராணிப்பேட்டை முத்துக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு பைக்கை எடுத்தால் வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி என்று பெங்களூரு நெடுஞ்சாலை நீண்டுகொண்டே போகும். வண்டி டாப் கியரில்தான் ஓடுகிறது. ஆனாலும் இன்ஜின் கத்துகிறது, ஹேண்டில்பார் அதிர்வில் கை மரத்துப்போகிறது. ‘இன்னொரு கியர் இருந்தா நல்லா இருக்குமே’ என்று தோன்றும் இடம் இதுதான்.

மெக்கானிக் ஷெட்டில் இதற்கு ஒரு பதில் ரெடியாக இருக்கும்: “முன்னாடி ஒரு பல்லு கூட்டிடலாம், வண்டி பறக்கும்.” உண்மையிலேயே பறக்குமா?

எந்தப் பல்?

கியர்பாக்ஸுக்கு வெளியே ஒரு சின்ன ஸ்பிராக்கெட், பின் சக்கரத்தில் ஒரு பெரிய ஸ்பிராக்கெட், இரண்டையும் இணைக்கும் செயின். இன்ஜினின் சக்தி சக்கரத்துக்குப் போகும் கடைசிக் கட்டம் இது. பின் பல் எண்ணிக்கையை முன் பல் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதுதான் ‘ஃபைனல் டிரைவ் ரேஷியோ’.

2016-ல் அறிமுகமான ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக்கை எடுத்துக்கொள்வோம். முன்னால் 15 பல், பின்னால் 38 பல். ரேஷியோ 2.53. அதாவது, முன் ஸ்பிராக்கெட் இரண்டரை முறை சுற்றினால்தான் பின் சக்கரம் ஒரு முறை சுற்றும்.

முன்னால் 16 பல் போட்டால் ரேஷியோ 2.38 ஆகக் குறையும். அதே வேகத்துக்கு இன்ஜின் சுமார் 6% குறைவாகச் சுற்றினால் போதும். டாப் கியரில் 100 கி.மீ. வேகத்தில் 5,000 ஆர்பிஎம் என்று வைத்துக்கொண்டால், அது ஏறக்குறைய 4,690 ஆகும். சத்தமும் அதிர்வும் குறையும். நெடுஞ்சாலையில் இது நிம்மதிதான்.

இழப்பது என்ன?

இன்ஜின் ஒன்றுதான், அதன் சக்தியும் அதேதான். சுற்று 6% குறைந்தால், சக்கரத்துக்குப் போகும் இழுவையும் எல்லா கியரிலும் 6% குறையும். இந்த ஹிமாலயனின் அதிகபட்ச டார்க் 32 நியூட்டன் மீட்டர். அது கிடைப்பதே 4,000 முதல் 4,500 ஆர்பிஎம் வரை. டாப் கியரில் 60 கி.மீ.க்கு இறங்கினால் முன்பு 3,000-ல் இருந்த இன்ஜின் இப்போது 2,810-ல் திணறும். ஆம்பூர் பக்கம் ஒரு லாரியை முந்த வேண்டுமென்றால் ஒரு கியர் இறக்கியே ஆக வேண்டும்.

வாணியம்பாடி தாண்டி ஏலகிரி பக்கம் திரும்பும்போதுதான் உண்மையான சோதனை. 14 கொண்டை ஊசி வளைவுகள். பின்னால் ஒருவர், கூடவே பை. நடந்து போகிற வேகத்தில் வளைவில் திரும்பும்போது இழுவை போதாமல் இன்ஜின் அணைந்தால், வண்டி சரியக்கூடிய இடம் அது. விழாமல் இருக்க கிளட்ச்சைப் பாதி பிடித்தே ஓட்டினால், கிளட்ச் தேயும்.

மலைப் பயணம்தான் அதிகம் என்றால் 14 பல் போடுபவர்கள் உண்டு. இழுவை 7% கூடும். ஆனால் அதே 100 கி.மீ. வேகத்துக்கு இன்ஜின் 5,360 சுற்ற வேண்டும். தவிர, சின்ன ஸ்பிராக்கெட்டில் செயின் அதிகமாக மடங்குவதால் சீக்கிரம் தேயும்.

டாப் ஸ்பீடு ஏறுமா?

பலரும் ஏமாறுவது இங்கேதான். வேகம் கூடக் கூட காற்றின் தடுப்பு பல மடங்கு ஏறும். அதைத் தள்ள சக்தி வேண்டும். 24.5 பிஎச்பி இன்ஜினில், டாப் கியரில் ஏற்கெனவே முழுச் சுற்றை எட்ட முடியாமல் திணறும் வண்டிக்கு ஒரு பல் கூட்டினால், டாப் ஸ்பீடு குறையவே வாய்ப்பு அதிகம்.

ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லுமா?

வேகத்தைச் சக்கரத்தில் அளக்கும் பைக்குகளில் பிரச்சினை இல்லை. கியர்பாக்ஸில் அளக்கும் பைக்குகளில் உண்டு. 15-ஐ 16 ஆக்கினால், மீட்டர் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 85-ல் போய்க்கொண்டிருக்கும். ஓடிய கிலோமீட்டரும் குறைவாகவே பதிவாகும் என்பதால் சர்வீஸ் தேதியும் தள்ளிப்போகும்.

மாற்றுவதென்றால் எப்படி?

* ஒரே ஒரு பல் மட்டும். முன்னால் ஒரு பல் குறைப்பது, இந்தப் பைக்கில் பின்னால் சுமார் மூன்று பல் கூட்டுவதற்குச் சமம்.
* தேய்ந்த செயினோடு புது ஸ்பிராக்கெட் போட வேண்டாம். இரண்டும் சீக்கிரம் போகும். செயின் கிட் மாற்றும் நேரம்தான் சரியான நேரம்.
* பெரிய ஸ்பிராக்கெட் கவருக்குள் உரசாமல் சுற்றுகிறதா, செயின் நீளம் போதுமா என்று கையால் சுற்றிப் பார்க்க வேண்டும்.
* செயின் தொய்வை ஓனர்ஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு வைக்க வேண்டும். 200, 300 கி.மீ. ஓடியதும் மறுபடியும் சரிபார்க்க வேண்டும்.
* வாரண்டி இருக்கும் வண்டி என்றால் முதலில் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள். கம்பெனி அளவை மாற்றினால், கியர்பாக்ஸ், கிளட்ச் பழுதுக்கு வாரண்டி மறுக்கப்படலாம்.

ஷெட்டுக்குப் போவதற்கு முன் கடந்த ஆறு மாதப் பயணங்களை ஒரு பேப்பரில் எழுதிப் பாருங்கள். பாதிக்கு மேல் மலையும் ஊருக்குள் டிராஃபிக்கும் என்றால் 16 பல் உங்களுக்கானது அல்ல. பெரும்பாலும் தனியாக, நெடுஞ்சாலையில் மட்டும் என்றால் யோசிக்கலாம். இரண்டும் கலந்து ஓட்டுபவர்களுக்கு, கம்பெனி போட்டுக்கொடுத்த 15 பல்லே நியாயமான சமரசம். 90-ல் போகும்போது இன்ஜின் கத்துகிறதா? 80-க்கு வந்து பாருங்கள். ஒரு பல் கூட்டுவதால் குறையும் சுற்றைவிட அதிகமாகவே குறையும், செலவில்லாமல்.