உங்களுக்குத் தெரியுமா? ஒல்லிக்கும் குண்டுக்கும் ஒரே இடம்!

ஹாலிவுட் திரைக்கதைப் பிரதிகள் இன்றும் தட்டச்சு இயந்திரத்தில் அடித்தவை போலவே இருக்கும். அந்த எழுத்துருவின் பெயர் கூரியர். 1950களில் ஐ.பி.எம். தட்டச்சு இயந்திரங்களுக்காக ஹோவர்ட் கெட்லர் வடிவமைத்தது. அந்த நிறுவனம் அதற்குத் தனியுரிமை கோராததால் எங்கும் பரவிவிட்டது. ஆங்கில 'ஐ'க்கும் 'எம்'முக்கும் இதில் ஒரே அகலம். 12 பாயிண்ட் அளவில் அங்குலத்துக்கு 10 எழுத்து. ஒரு பக்கம் என்றால் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்று கணக்குப் போட முடிவது இதனால்தான். ஒல்லியான சிறிய 'ஐ', தன் இடத்தை நிரப்பக் காலை அகட்டி நிற்கும். கூரியரைப் போஸ்டர் தலைப்பில் போட்டால் கண்ணை இழுப்பதே அந்தக் கோணங்கித்தனம்தான்! ('ர'வையும் 'ண'வையும் இப்படி ஒரே கட்டத்தில் அடைத்தால் தமிழ் மூச்சுத் திணறும்.) கூரியரைப் பெரிதாகப் போடும்போது இடைவெளிகள் ஓட்டையாகத் தெரியும், எழுத்துகளைச் சற்றே நெருக்கிவிடுங்கள்.